கல் உப்பில் ‘புதிய கொலைகாரக் கிருமி’யா?

சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் சிவந்த உப்பளத்தின் படத்தோடு ஒரு தகவல் சுற்றுகிறது: “கல் உப்பில் உப்பு விரும்பும் புதிய பாக்டீரியா கண்டுபிடிப்பு! ரத்தத்தில் கலந்தால் மரணம். வீட்டிலுள்ள உப்பைக் கொட்டிவிடுங்கள்.”

இது உண்மையல்ல. உப்பளப் பாத்தி சிவப்பது ஹாலோபாக்டீரியம் போன்ற நுண்ணுயிர்களின் நிறமியால். அதில் புதிது எதுவுமில்லை. வகைப்பாட்டில் அது பாக்டீரியாகூட இல்லை, ஆர்க்கியா எனப்படும் தனி நுண்ணுயிர்ப் பிரிவு. 20-25 சதவீத உப்பில் செழிக்கும். நம் ரத்தமோ சுமார் 0.9 சதவீத உப்புநீருக்குச் சமம். அதில் விழுந்தால் அதன் செல்லே உடைந்துபோகும்.

அப்புறம், புது இனம் என்று சும்மா அறிவித்துவிட முடியாது. நெருங்கிய இனத்தோடு முழு மரபணுத் தொகுப்பை ஒப்பிட்டால் ஒற்றுமை சுமார் 95 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வளர்த்த மாதிரியை இரண்டு நாடுகளின் நுண்ணுயிர் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகே பெயர் செல்லும். அப்படி ஏற்கப்பட்ட பெயர்களை, பாக்டீரியா, ஆர்க்கியா பெயர்ப் பட்டியலான எல்பிஎஸ்என் (LPSN) இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். இந்த ஃபார்வர்டில் பெயரே இல்லை, எதைத் தேடுவது?

தயவுசெய்து இதை மேலும் அனுப்பாதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கல் உப்பை வழக்கம்போல மாங்காய் ஊறுகாய்க்குப் போடலாம்.