நீல மலைகளை முதலில் கடந்தவர்கள் யார்?

சிட்னிக்கு மேற்கே உள்ள நீல மலைகளை 1813-இல் பிளாக்ஸ்லாந்து, லாசன், வென்ட்வொர்த் என்ற ஐரோப்பியக் குடியேறிகள் மூவரும்தான் முதன்முதலில் கடந்தார்கள் என்று ஒரு தகவல் பரவுகிறது. தவறு. ஆஸ்திரேலியப் பழங்குடிகளான தாருக், குண்டுங்குரா மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக நடந்த மலை அது. அந்த மூவரும் இன்று பிளாக்ஸ்லாந்து குன்று எனப்படும் இடத்தோடு திரும்பிவிட்டார்கள். நீல மலைகளை உள்ளடக்கிய பெரும் பிரிப்பு மலைத்தொடரை (Great Dividing Range) முழுதாகத் தாண்டிய ஐரோப்பியர் அதே ஆண்டு இறுதியில் போன நில அளவையாளர் ஜார்ஜ் எவன்ஸ்.

இந்த மலைகளில் வழி கண்டுபிடிப்பது கடினம். ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே ஏறினால் செங்குத்தான மணற்பாறைச் சுவரில் முட்டி நிற்க வேண்டும். முகட்டைப் பிடித்துத்தான் போக முடியும். முகடும் கிளை கிளையாகப் பிரியும். தப்பான கிளை பாறை விளிம்பில் போய் முடியும். 1823-இல் ஆர்ச்சிபால்ட் பெல் என்ற குடியேறிக்கு, மலையடிவாரத்துக் குர்ராஜோங்கிலிருந்து டோமா மலை வழியாகச் சரியான முகட்டைக் காட்டியவர்கள் தாருக் மக்களே. வழிகாட்டியவர்களை விட்டுவிட்டுப் பெல்லை மட்டும் 'கண்டுபிடித்தவர்' என்பது அநியாயம். அதே ஆண்டு நில அளவையாளர் ராபர்ட் ஹோடில் அந்தத் தடத்தை அளந்தார். இன்றைய பெல்ஸ் லைன் சாலை பெரும்பாலும் அதையொட்டியே போகிறது.