அட்டாளி நிறைய மஞ்சப்பை

ஞாயித்துக்கெழம அட்டாளிய ஒழிக்கலாம்னு ஏறுனனுங்க. ஒரு பெரிய பைக்குள்ள பை, அதுக்குள்ள இன்னொரு பை. எண்ணிப் பார்த்தா 43! கல்யாணத் தாம்பூலப்பை, காதுகுத்துப் பை, ஈரோட்டு ஜவுளிக்கடைப் பை.

2019 ஜனவரியில பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தப்ப சந்தோசப்பட்டவதான் நானும். 2021 டிசம்பர்ல அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு ஆரம்பிச்சாங்க. நல்ல காரியம். அதுக்காக மீண்டும் மீண்டும் வந்துட்டே இருந்தா வெக்கறது எங்கீங்க?

இதுல பாதி துணியே இல்ல. பார்க்கத்தான் துணியாட்டம். நாலு வருசம் கெடந்ததைத் தொட்டா வெள்ளை வெள்ளையாப் பொடி உதிருது, தூக்குனா காது மட்டும் கையோட வருது. அத்தனையும் பாலிப்ரொப்பிலீன், அசல் பிளாஸ்டிக். அதுவும் 2019 தடைப் பட்டியல்ல இருந்ததுதான். அதுமேல பச்சை இலைப் படம் வேற!

கிழிஞ்சதையாவது கழிக்கலாம்னா, கீழ ஏணியப் புடிச்சுட்டிருந்த அத்தை, "இருக்கட்டும் கண்ணு, எதுக்காச்சும் ஆகும்"ங்கறாங்க. பழைய பனியன்னா மிஷின் தொடைக்க லேத் பட்டறையில வாங்கிக்குவாங்க. இதைப் பழைய இரும்புக்கடைக்காரர் கூடத் திரும்பிப் பார்க்கறதில்ல.

மறுபடியும் 43-யும் உள்ள திணிச்சுட்டு, சாயங்காலம் சந்தைக்குப் போனேன். தக்காளி, கத்திரிக்காய் எடை போட்டாச்சு. அப்பத்தான் ஞாபகம் வருது, பை கொண்டு போகல.

பத்து ரூவா குடுத்து 44-வது வாங்கிட்டு வந்துட்டனுங்க.