சபை பாட வேண்டுமா? முதலில் சுருதியை இறக்குங்கள்

"இளைஞர்களுக்குக் கீர்த்தனை பிடிப்பதில்லை" என்று நம் திருச்சபையின் சேகரக் கமிட்டிகளில் (சில சபைகள் சேர்ந்தது சேகரம்) சொல்லிச் சொல்லி அது வேதவாக்காகவே ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொண்டைக்கு எட்டாத உயரத்தில் எடுத்து, கால் கடுக்கும் வரை இழுத்து, கீபோர்டுக்காரர் போட்ட தாளத்துக்குள் அடைத்துப் பாடினால் எந்த வயதுக்காரனுக்குத்தான் பிடிக்கும்? அதே பையன்கள் மார்கழிப் பஜனையில் விடிவதற்கு முன்னால் தெருத்தெருவாக அதே கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டு போகிறார்களே. அங்கே மைக் கிடையாது, பாட்டை எடுப்பவர் தன் குரலுக்குத் தோதாகத்தான் எடுப்பார், எல்லோரும் நடந்துகொண்டே பாடுவதால் காலப்பிரமாணமும் நடையோடு நிற்கும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சுருதியிலிருந்து ஆரம்பிப்போம். ஆணும் பெண்ணும் சிறுவரும் சேர்ந்து பாடும் கூட்டத்தில், பயிற்சி இல்லாத குரல் சிரமமில்லாமல் போய்வரும் இடம் கீபோர்டில் கீழ் ஏ-யிலிருந்து மேல் டி வரை, மொத்தம் 11 சுரம். ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். மேல் ஈ-யைச் சிலர் தொடுவார்கள். எஃப் வந்தால் பெஞ்சில் பாதி வாய் மூடிக்கொள்ளும், பாடகர் குழு மட்டும் மிஞ்சும்.

இப்போது கணக்கு. சட்ஜத்தை (ச) 1 கட்டையில், அதாவது சி-யில் வைத்தால் கீழ் ஸ்தாயியான மந்திரத்தின் தைவதத்திலிருந்து மேல் ஸ்தாயியான தாரத்தின் ரிஷபம் வரை அந்த 11 சுரத்துக்குள் அடங்கும். பெரும்பாலான பாட்டுக்கு இது போதும். சரணத்தில் தார மத்திமத்தைத் தொடும் பாட்டாக இருந்தால் 1 கட்டை ஆகாது. சட்ஜத்தை ஏ-க்கு இறக்க வேண்டும். அந்தப் பாட்டு மந்திர ஸ்தாயிக்குப் போகாததாக இருந்தால் இறக்கியதில் நஷ்டமில்லை. இதற்கு நேர்மாறு செஞ்சுருட்டி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை ஆகிய ராகங்கள். இவை தார சட்ஜத்துக்கே போகாமல் மந்திர ஸ்தாயியில் புரண்டு வருபவை. இவற்றை 1 கட்டையில் எடுத்தால் பெண்கள் குரல் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இருக்கும். 3 கட்டைக்கு, அதாவது ஈ-க்கு ஏற்றினால் சபை நிமிர்ந்து பாடும். நம் கீர்த்தனைப் புத்தகத்தில் செஞ்சுருட்டி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், இது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும். "எல்லாப் பாட்டுக்கும் எனக்கு ஒரே ஸ்கேல்" என்று சொல்லும் கீபோர்டுக்காரரிடம் டிரான்ஸ்போஸ் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அன்போடு காட்டிவிடுங்கள்.

அடுத்தது நீளம். பல்லவியும் அனுபல்லவியும் இரண்டிரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று), சரணம் நான்கு ஆவர்த்தனம், ஒவ்வொன்றையும் இருமுறை பாடி, அனுபல்லவிக்குப் பிறகும் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவியை ஒருமுறை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 6 சரணத்துக்கு 70 ஆவர்த்தனம் வரும். ஆதி தாளத்தில் நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 விநாடி. மொத்தம் 9 நிமிடத்துக்கு மேல். காணிக்கைப் பை சுற்றி வந்து, பீடத்துக்குப் போய், போதகர் ஐயர் ஜெபிக்கக் காத்து நிற்கும் போதும் நான்காவது சரணம்தான் ஓடிக்கொண்டிருக்கும். 3 சரணம் எடுத்து, 72 தட்டில் பாடினால் நாலரை நிமிடத்தில் முடியும். ஒன்றே ஒன்று: எந்த 3 என்பதை அர்த்தம் பார்த்து முந்தின நாளே குறிக்க வேண்டும். முதல் இரண்டும் கடைசி ஒன்றும் என்று கண்ணை மூடிக்கொண்டு பாடினால், பிறப்பிலிருந்து நேரே பரமேறுதலுக்குத் தாவி, சிலுவை இல்லாத சுவிசேஷம் ஒன்றைப் பாடி முடித்திருப்போம்.

தாளம் பற்றி இரண்டு வார்த்தை. புத்தகத்தில் தலைப்புக்குக் கீழே ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பது அலங்காரத்துக்கு இல்லை. மிஸ்ர சாபு என்றால் 7, தகிட தகதிமி. அதற்குக் கீபோர்டில் இருக்கும் நான்கு தட்டு ஸ்டைலைப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு மிச்சம் விழும், அதை நிரப்பப் பாடுகிறவர் சொல்லை இழுப்பார். பத்து வருடம் கழித்து அந்த இழுவையே "ஒரிஜினல் மெட்டு" ஆகிவிடும். பல கீர்த்தனைகள் இன்று ஊருக்கு ஒரு மாதிரி ஒலிப்பதற்கு இது ஒரு காரணம். ஸ்டைலை அணைத்துவிட்டு ஒரு தபேலாவோ கைத்தாளமோ போதும். தோடி, ஆனந்தபைரவி மாதிரி ராகங்களுக்கு அடியில் மூன்று சுரம் சேர்ந்தொலிக்கும் கார்டு (chord) வைப்பதையும் விட்டுவிடலாம். சட்ஜ பஞ்சமம் மட்டும் ஒலிக்கட்டும்.

இதெல்லாம் இருக்கிற பாட்டைக் காப்பாற்றும் வழி. ஆனால் இருக்கிறதைக் காப்பாற்றினால் மட்டும் போதும் என்ற எண்ணத்தோடு எனக்குச் சண்டை உண்டு. இன்று "நம் பாரம்பரியம்" என்று சொல்லும் எல்லாமே ஒரு நாள் புதுசாக இருந்ததுதான். 1524-இல் வந்த முதல் லூத்தரன் பாட்டுப் புத்தகத்தில் இருந்தவை 8 பாட்டுகள். 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கிய பிறகு அந்த ஜெர்மன் பாட்டு மரபு தமிழுக்கு வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் இன்னொரு ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸ் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளை இன்னும் பாடுகிறோம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனை பாடியபோது அது கோயிலுக்குள் பாட ஏற்றதா என்று கேள்வி கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட போதுதான் அவை புத்தகமாகச் சபையின் கைக்கு வந்தன. கதையும் பாட்டுமாக நடக்கும் காலட்சேபத்தில் ஒருவர் பாட மற்றவர் கேட்ட பாட்டு, எல்லோரும் பாடும் பாட்டாக மாறியது அப்படித்தான். அதற்காக யாரோ உட்கார்ந்து தேர்ந்து, வெட்டிச் சுருக்கியிருக்கிறார்கள். இன்று யூடியூபில் வரும் பாட்டுகளுக்கு அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. ஒரு தேர்ந்த பாடகர் தன் குரலுக்குப் போட்ட பாட்டு, 16 ஆவர்த்தன இசை இடைவெளியோடும் தட்டு தள்ளி எடுக்கும் எடுப்போடும் அப்படியே ஞாயிறு காலையில் வந்து இறங்குகிறது. எங்கே நுழைவது என்று தெரியாமல் சபை கைதட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆகவே எழுதுங்கள். சபையில் வாத்தியார்கள் இருக்கிறார்கள், தமிழ் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியதில் பாதி, தமிழ் இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் குறில் நெடில். ஆங்கிலப் பாட்டில் அழுத்தம் தவறினால் காதுக்கு உறுத்தும், அவ்வளவுதான். தமிழில் நீளம் தவறினால் அர்த்தமே மாறும். நீண்ட சுரத்தில் "விடு" என்பது "வீடு" ஆகும், "கல்" கால் ஆகும், "படம்" பாடம் ஆகும். மெட்டில் சுரம் நீளும் இடங்களை முதலில் குறித்துக்கொண்டு, அங்கே நெடிலையோ, ஒற்று அடுத்து வரும் குறிலையோ வையுங்கள். அந்த ஒற்றிலும் பேதம் உண்டு. "அன்பு" என்ற சொல்லில் ன்-இல் நின்று முனகலாம், "நல்ல" என்பதில் ல்-இல் நிற்கலாம். மெல்லினமும் இடையினமும் சுரத்தைத் தாங்கும். "பக்தி", "வெற்றி" என்று வல்லின ஒற்று வந்தால் சுரம் அங்கே அறுந்துபோகும். ஓடுகிற இடத்துக்கு வல்லினம், நிற்கிற இடத்துக்கு மெல்லினம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து மூச்சு. இதில்தான் புதுப் பாட்டுகள் அதிகம் சறுக்குகின்றன. தமிழில் எதிர்மறை கடைசியில் வரும். "என்றும் நம்மைக் கைவிட" என்று அடி முடிந்து, எல்லோரும் மூச்சு வாங்கி, அடுத்த அடியில் "மாட்டார்" என்று எடுத்தால், அந்த மூச்சு வாங்கும் நேரம் முழுக்கச் சபை என்ன அறிக்கை செய்துகொண்டு நிற்கிறது என்று யோசியுங்கள். "மனந்தி" என்று நிறுத்தி "ரும்பு" என்று தொடரும் வகையுளியும் இந்த ரகம்தான். எழுதிய பாட்டைப் பாடாமல், மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்தி நிறுத்தி வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் தனியாக நின்றாலும் அபத்தம் ஆகக்கூடாது.

மேல்நாட்டு மெட்டுக்கு எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. 8.6.8.6 (அடிக்கு இத்தனை அசை என்ற அளவு) என்றால் மெய்யெழுத்தை நீக்கி 8 எழுத்து, 6 எழுத்து என்று எண்ணினால் மட்டும் சரியாகிவிடாது. அந்த மெட்டுகளில் மிகுதியானவை தட்டுக்கு முன்னால் ஓர் எழுத்தை விட்டு எடுப்பவை, நம் கணக்கில் அதீத எடுப்பு. தமிழ் அடியின் மோனை முதலெழுத்தில் இருக்கிறது. அது தட்டுக்கு முன்னாலேயே நழுவிவிடும், இரண்டாம் எழுத்துதான் தட்டில் விழும். அதனால் இந்த மெட்டுகளில் இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகையை நம்புங்கள்.

எதுகை என்றதும் பழம்பஞ்சாங்கம் என்று நினைக்க வேண்டாம். புத்தகம் இல்லாமல் பாட்டிமார் எப்படி எட்டுச் சரணம் பாடினார்கள்? முதல் அடி "அருள்" என்று தொடங்கினால் அடுத்தது "இருள்" என்றோ "பொருள்" என்றோ வரும் என்று நாக்குக்கே தெரியும். அடுத்த அடியின் தொடக்கம் நினைவில் நின்றால் மீதி தானாக வரும். இப்போதைய பாட்டுகள் அடிக் கடைசியில் "தந்தாரே, வந்தாரே, செய்தாரே" என்று நிற்கின்றன. தமிழ் வினைமுற்று எல்லாம் அப்படித்தான் முடியும். அதில் எழுதியவருக்குச் சிரமமும் இல்லை, பாடுகிறவருக்கு உதவியும் இல்லை. திரையை அணைத்தால் பாட்டும் நின்றுவிடும்.

மெட்டுக்கு எங்கே போவது என்றால், கும்மியும் தெம்மாங்கும் தாலாட்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. பெரும்பாலும் ஐந்தாறு சுரத்துக்குள் புழங்குபவை, ஒருவர் எடுக்க மற்றவர் திருப்பிச் சொல்லும் அமைப்பு, புத்தகமே வேண்டாம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு ஆராதனைக்கு நாட்டுப்புற மெட்டுகளைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் பெரிய வெள்ளிக்கு ஓர் ஒப்பாரி எழுதக் கூச்சப்படுகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சிலுவையடியில் நிற்கிறாள். அதற்கு ஒப்பாரியைவிடப் பொருந்தும் மெட்டு எது?

பொருள் விஷயத்தில் பஞ்சம் இல்லை, பார்வைதான் இல்லை. கிறிஸ்மஸுக்கு இருக்கிற பாட்டே போதும், தயவுசெய்து இன்னொரு தொழுவம் வேண்டாம். மழை பொய்த்த வருடத்தின் அறுப்பின் பண்டிகைக்கு என்ன பாடுவது? கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில்? குழந்தை அடக்கத்தில்? இவற்றுக்கு எழுதுங்கள். "நான், எனக்கு, என்னை" என்பதைக் கொஞ்சம் குறைத்து "நாம்" என்று எழுதினால், 300 பேர் சேர்ந்து பாடுவதற்கு நியாயமும் இருக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் வேதாகமத்தின் சங்கீதங்களில் ஏதாவது ஒரு சின்னதை எடுத்து, 3 சரணத்தில் எழுதிப் பழகலாம். தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) நாட்குறிப்பில் ஞாயிறுதோறும் ஒரு பொருள் கொடுத்திருக்கிறார்கள், அதையும் எடுத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு 8 பாட்டு தேறினால் பெரிது. அந்த முதல் லூத்தரன் புத்தகத்துக்கே 8 போதுமானதாக இருந்தது.

எழுதியதைச் சபைக்குக் கற்றுக்கொடுக்க 4 வாரம் ஆகும். முதல் வாரம் பாடகர் குழு பாட சபை கேட்கட்டும். இரண்டாம் வாரம், ஆராதனைக்கு முன் 10 நிமிடம் ஒதுக்கி, பல்லவியை மட்டும் அடி அடியாகச் சொல்லிக்கொடுத்து, பாட்டு வரும்போது பல்லவியில் மட்டும் சபை சேரட்டும். மூன்றாம் நான்காம் வாரம் முழுப் பாட்டு. பிறகு இரண்டு மாதம் விட்டு மறுபடி ஒருமுறை எடுங்கள். அப்போது ஒட்டாவிட்டால் பாட்டில் கோளாறு, திருத்துங்கள். கற்றுக்கொடுக்கிறவர் ஒருவர் மைக்கில் நின்றால் போதும், 6 பேர் நிற்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் குரல் காதில் விழாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டாம் சரணத்தில் வாத்தியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் நின்று கேளுங்கள். சபை பாடுகிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

திரையில் போடுகிறவர்கள் ஒரு சரணத்தை இரண்டிரண்டு வரியாக வெட்ட வேண்டாம். நான்கு அடியும் ஒன்றாகத் தெரிந்தால்தான் எதுகை கண்ணில் படும். கடைசி அடியின் கடைசிச் சொல் தொடங்கும்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள், பாடி முடித்த பிறகு போனால் தாமதம். தாளில் அச்சிடுவதானால் ராகம், தாளம், கட்டை மூன்றும் மேலே இருக்கட்டும், முடிந்தால் சொல்ஃபா (டோ, ரே, மீ என்ற சுரக் குறிப்பு) ஒரு வரி.

எழுதியவர் பெயரும் தேதியும் போடுங்கள். காப்புரிமை எழுதியவர் ஆயுளோடும் அதற்குப் பின் 60 ஆண்டும் நிற்கிறது. ஆராதனைக்குள் பாடுவதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் புத்தகமாக அச்சிடவும் யூடியூபில் ஏற்றவும் அந்த விலக்கு செல்லாது. அதனால் பாட்டை வாங்கும்போதே, சபை அச்சிட்டுக்கொள்ளலாம், மற்றச் சபைகளும் பாடலாம், சொல்லை மாற்றுவதானால் கேட்டு மாற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிச் சேகரக் கோப்பில் வைத்துவிடுங்கள்.