தடுப்புக் கட்டையின் மரியாதை

(வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு வாசல். ஓய்வுபெற்ற துணைத் தாசில்தாரான மாமனார், மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய பழைய காரை முறைத்தபடி நிற்கிறார். மருமகன் கையில் ஒரு துணியும், தபாலில் வந்த புது பாஸ்டேக்கும் (சுங்கக் கட்டணத்தைத் தானாகக் கழிக்க, கார் கண்ணாடியில் ஒட்டும் வில்லை).)

மாமனார்: உலகம் கெட்டுவிட்டது மாப்பிள்ளை. இத்தனை நாளும் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் என்னைக் கண்டதும் தடுப்புக் கட்டை தானாக எழுந்து நிற்கும். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவேன். நேற்று நிறுத்திவிட்டார்கள்!

மருமகன்: உங்களைக் கண்டதுமா?

மாமனார்: 30 வருடம் வருவாய்த் துறையில் இருந்தவன். முகத்தில் தெரியாதா? நான் பட்டா மாற்றிக் கொடுத்த எவனாவது அங்கே வேலைக்கு இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகன்: நேற்று எவ்வளவு கொடுத்தீர்கள்?

மாமனார்: இரண்டு மடங்கு. ரொக்கமாக!

மருமகன்: பாஸ்டேக் இல்லாவிட்டால் 2021 பிப்ரவரியிலிருந்தே அப்படித்தானே மாமா. போனில் யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் ஒன்றேகால் மடங்கோடு போயிருக்கும். 2025 நவம்பர் 15 முதல் அந்த வசதி உண்டு.

மாமனார்: போனை எங்கே திறப்பது? திறந்தால் அந்த வாலாஜாப்பேட்டைக்காரன் கூப்பிடுகிறான். இந்தக் காரை விற்றவன். ஜாக்கியைத் திருப்பிக் கேட்பான் போலிருக்கிறது. கஞ்சப் பயல். நான் எடுப்பதே இல்லை.

மருமகன்: சரி, கண்ணாடியைத் துடைக்கிறேன். ஈரம் இருந்தால் டேக் ஒட்டாது.

மாமனார்: இதற்கு பேட்டரி எங்கே போடுவது?

மருமகன்: பேட்டரியே கிடையாது. உள்ளே ஒரு சிறிய சில்லும் மெல்லிய கம்பியும்தான். சாவடியில் மேலே இருக்கும் கருவி ரேடியோ அலையை அனுப்பி இதை எழுப்பும். இது எழுந்து தன் எண்ணைச் சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும்.

மாமனார்: எங்கள் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் அப்படித்தான் இருந்தார்.

மருமகன்: மாமா, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இவ்வளவு குங்குமம்?

மாமனார்: கையை எடுங்கள்! அது ஏதோ எந்திரத் தகடு. கோடு கோடாக இருக்கிறது பாருங்கள். பழைய சொந்தக்காரன் மந்திரித்து ஒட்டியிருப்பான் என்று வாரம் தவறாமல் பொட்டு வைத்து வருகிறேன்.

மருமகன்: இது பாஸ்டேக்.

மாமனார்: எது?

மருமகன்: நீங்கள் பொட்டு வைத்தது. வாலாஜாப்பேட்டைக்காரரின் வங்கிக் கணக்கோடு இணைத்தது. மூன்று மாதமாக உங்கள் சுங்கத்தை அவர்தான் கட்டியிருக்கிறார். நேற்று அதில் இருப்பு தீர்ந்திருக்கும். நம் ஊரில் கோட்டை உண்டு, ராஜா இல்லை. ஆறு உண்டு, தண்ணீர் இல்லை என்பார்களே, அதுபோல டேக் உண்டு, காசு இல்லை.

மாமனார்: (நெடுநேரம் கழித்து) அப்படியானால் கட்டை எனக்காக எழுந்து நிற்கவில்லை.

மருமகன்: இல்லை மாமா.

மாமனார்: நான் கும்பிட்டதெல்லாம்?

மருமகன்: கம்பத்தைத்தான்.

மாமனார்: சரி, பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். யாருக்குத் தெரியப் போகிறது?

மருமகன்: ஒரு வண்டிக்கு ஒரே டேக்தான். புதியது ஏன் இன்னும் செயல்படவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. பழையதை அவர் தன் வங்கியில் சொல்லி மூட வேண்டும். நீங்கள்தான் அவரிடம் பேச வேண்டும்.

மாமனார்: ஜாக்கியைக் கொடுத்துவிட்டால் போதாதா?

மருமகன்: ஜாக்கிக்காகவா கூப்பிட்டிருப்பார்? ஒவ்வொரு முறையும் அவர் போனுக்குக் குறுஞ்செய்தி போயிருக்கும். எந்த வண்டி, எந்தச் சாவடி, என்ன தேதி, எத்தனை மணி, எல்லாம்.

மாமனார்: மணி கூடவா?

மருமகன்: ஏன் இப்படி வியர்க்கிறது உங்களுக்கு?

மாமனார்: (குரலைத் தாழ்த்தி) வெள்ளிக்கிழமைதோறும் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போவதாகத்தான் உங்கள் அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.

மருமகன்: ஸ்ரீபுரத்துக்குப் பள்ளிகொண்டா வழியே இல்லையே.

மாமனார்: ஆம்பூருக்கு வழி இருக்கிறதே.

மருமகன்: பிரியாணியா! வெள்ளிக்கிழமையிலா!

மாமனார்: சீரகச் சம்பா அரிசி மாப்பிள்ளை. கூடவே கத்தரிக்காய்த் தொக்கு. கத்தரிக்காய் சைவம்தானே?

(வீட்டுக்குள் போன் ஒலிக்கிறது. பேச்சுக் குரல் கேட்கிறது. மருமகன் சன்னல் பக்கம் காதைக் கொடுக்கிறான்.)

மருமகன்: அத்தைதான் பேசுகிறார். 'வாலாஜாப்பேட்டையா? சொல்லுங்கள்' என்கிறார்... 'வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கா?' என்கிறார்... இப்போது ஒன்றுமே பேசவில்லை. மாமா, உங்களைத் தேடி வெளியே வருகிறார். என்ன சொல்ல?

மாமனார்: (காருக்குள் ஏறிப் பின்சீட்டில் நீட்டிப் படுத்தபடி) மாமா பள்ளிகொண்டுவிட்டார் என்று சொல்லுங்கள்.