பனிக்காலத்தில் 5 மணி வீம்பு வேண்டாம்

கார்த்திகை பிறந்து நாலு நாள்தான் ஆகிறது. நேற்று வெடியால 5 மணிக்கே எங்கள் சைக்கிள் குழு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்துவிட்டது. கும்மிருட்டில் நாலு பேர், பின்னால் பேக்கரி டியூப்லைட், கையில் டீ. கீழே ஒரு வரி: "மழையோ பனியோ, நமக்கு 5 மணின்னா 5 மணிதான்." வரிசையாகக் கைதட்டல் விழுந்தது. நான் தட்டவில்லை. அந்த நாலு பேரும் எனக்கு வேண்டியவர்கள். அதில் ஒருவர்தான் பத்து வருஷத்துக்கு முன்னால், சர்க்கரை ஏறிச் சோர்ந்து கிடந்த என்னை இழுத்துக்கொண்டு போய் சைக்கிளில் ஏற்றியவர். அவர்கள் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சித்திரை, வைகாசியில் 5 மணிக்குக் கிளம்புவது நல்ல பழக்கம். உடுமலையில் அப்போது 6 மணியை ஒட்டிப் பொழுது கிளம்பிவிடும். ஐந்தே முக்காலுக்கே ரோடு தெளிவாகத் தெரியும். எட்டு மணிக்கு மேல் வெயிலில் ஓட்டவும் முடியாது. அதே நேரத்தைக் கார்த்திகைக்கும் தைக்கும் இழுத்துக்கொண்டு வருவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். சைக்கிளையே நிறுத்திவிட்டு "தை போகட்டும், பார்த்துக்கலாம்" என்று போர்த்திக்கொண்டு படுப்பதும் எனக்குச் சம்மதமில்லை. மூணு மாசம் விட்டால் முட்டி இறுகிவிடும், மறுபடி ஆரம்பிக்கும் தேதி தள்ளிக்கொண்டே போகும். எனக்கு அது இரண்டு தடவை நடந்திருக்கிறது.

லண்டனில் ஜூன் மாசத்துப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல், டிசம்பர் பகல் 8 மணி நேரத்துக்குள். அங்கே இருப்பவர்கள் சைக்கிளை வீட்டுக்குள் ஸ்டாண்டில் மாட்டி மிதிப்பதில் நியாயம் இருக்கிறது. நமக்கு அப்படி இல்லை. ஜூனில் ஏறத்தாழ 12 மணி 40 நிமிஷம், டிசம்பர் கடைசியில் பதினொன்றரை மணி நேரம். ஒன்றே கால் மணி நேரம்கூட முழுசாகக் குறைவதில்லை. குளிரும் அப்படித்தான். இருபது டிகிரிக்குக் கீழே இறங்கினாலே நாம் காதில் மப்ளர் சுற்றிக்கொள்கிறோம். முதல் பத்து நிமிஷம் லேசான கியரில் மெதுவாக மிதித்தால் உடம்பு சூடாகிவிடும். தொந்தரவு கொடுப்பது இருட்டுதான், அதுவும் ஒரே மாதிரி வருவதில்லை.

டிசம்பர் 21 அல்லது 22தான் வருஷத்திலேயே குட்டைப் பகல். அதனால் அன்றைக்குத்தான் பொழுது ரொம்ப லேட்டாகக் கிளம்பும், ரொம்ப வெரசாக இறங்கும் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். நாலு வருஷமாக ஒரு பழைய டைரியில் தினமும் குறித்து வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. நம்மூரில் பொழுது ரொம்பச் சீக்கிரம் இறங்குவது நவம்பர் நடுவில், ஆறு மணிக்கு ஐந்தாறு நிமிஷம் இருக்கும்போதே. ரொம்பத் தாமதமாகக் கிளம்புவது பொங்கல் எல்லாம் முடிந்து ஜனவரி கடைசியில், காலை 6.45 மணி வாக்கில். இரண்டு நாளும் பகலின் நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மொத்தப் பகலும் அரை மணி நேரம் பின்னால் நகர்ந்திருக்கும். வாசலில் ஒரு கம்பு நட்டு நிழலைப் பார்த்தால் தெரியும்: நவம்பர் நடுவில் உச்சிப்பொழுது 12.06க்கு வருகிறது, ஜனவரி கடைசியில் 12.33 ஆகிவிடுகிறது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதும், அது சூரியனைச் சரியான வட்டத்தில் சுற்றாததும்தான் இதற்குக் காரணம்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு என் பனிக்காலத்தை இரண்டாக வெட்டிவிட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் காலை. காரணம், வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் கட்டிக்கொண்டு வருகிறது, பொழுதும் வெரசாக இறங்கிவிடுகிறது. அதனால் பொழுதோட, அதாவது சாயங்காலம், போகிற கதையே வேண்டாம். ஆறு மணிக்குக் கிளம்பி ஏழரைக்குள் வீடு. மார்கழி பாதியிலிருந்து மாசி பிறக்கும் வரை தலைகீழாகத் திருப்பிவிடுவேன். காலையில் வெறும் நடை. ஆபீஸ் முடிந்து ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தால் தை மாசத்தில் ஆறேகால் வரை நல்ல வெளிச்சம், மழைப் பயமும் ஓய்ந்திருக்கும். வெயில் இறங்கின நேரத்தில் தளி ரோட்டில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே மலையைப் பார்த்தபடி போவதற்கு ஈடாக வெடியாலையில் எனக்கு எதுவும் கிடைத்ததில்லை.

இந்த முடிவுக்கு டைரி மட்டும் காரணமில்லை. அதற்கு முன்னால் ஒரு தை மாசம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும். பழனி ரோட்டில், மடத்துக்குளம் தாண்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், மணி ஐந்தேகால். அமராவதி ஆற்றுப் பக்கத்திலிருந்து பனி ஏறி ரோட்டில் படுத்திருந்தது. என் வண்டியில் முன்னால் இருந்தது ஒரு சின்ன மினுக்கு லைட், அவ்வளவுதான். எதிரே ஒரு லாரி ஹைபீமில் வந்து கண்ணைக் கட்டிவிட்டுப் போனது. அது கடந்த அடுத்த நொடியில் என் முன் சக்கரத்துக்குப் பத்தடியில் ஆட்கள். பாதயாத்திரைக் கூட்டம். கடைசியில் ஒரு பெரியவர், தோளில் சின்னக் காவடி, பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி ஒரு பையன், ஏழெட்டு வயசு இருக்கும். பிரேக்கை அழுத்தினேன், வண்டி பனி ஈரத்தில் சறுக்கி ரோட்டோரம் விழுந்தேன். முழங்கை தோல் உரிந்தது. அந்தப் பையன் மேல் படாமல் போனது முருகன் செயல் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்தப் பெரியவர் காவடியை இறக்காமலே குனிந்து, "சாமி, அடி ஏதும் பட்டுருச்சுங்களா?" என்று கேட்டார். தப்பு முழுக்க என்னுடையது. வெறுங்காலோடு எத்தனையோ மைல் நடந்து வந்தவர் என்னைக் கேட்கிறார். எனக்குப் பேச வாய் வரவில்லை. அவர் பையில் இருந்த திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டு நடந்தார். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அதுவரை இருட்டில் ஓட்டினால் ஆபத்து எனக்குத்தான், என் உசிரு என் இஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மார்கழி, தையில் நம் ரோட்டில் நம்மைவிட எளியவர்கள் நடக்கிறார்கள். பழனிக்குப் போகிறவர்கள், கறுப்பு வேட்டியில் ஐயப்பமார்கள், பால் சொசைட்டிக்குக் கேன் கொண்டுபோகிறவர்கள், ஷிப்ட் முடிந்து மில் வண்டியிலிருந்து இறங்கி இட்டேரி வழியே வீட்டுக்குப் போகும் பெண்கள். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில், சத்தமே இல்லாமல் வருகிற சைக்கிள் அவர்களுக்கும் ஆபத்துதான். பாதயாத்திரைக்காரர்களுக்குப் போலீஸ்காரர்கள் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்கு நிறைவாக இருக்கும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாக ஓட்ட வருகிறவர்கள் இதில்தான் மூச்சு வாங்கிப் போகிறார்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும், அப்போது பொள்ளாச்சிப் பக்கம் போவது மலை ஏறுகிற மாதிரி இருக்கும். பனிக்காலத்தில் காற்று திரும்பிவிடுகிறது. கிழக்கிலிருந்து புகுந்து அதே கணவாய் வழியாகக் கேரளத்துக்குள் போகிறது. பாலக்காட்டுக்காரர்கள் இதற்கு விருச்சிகக் காற்று என்றே பேர் வைத்திருக்கிறார்கள், விருச்சிகம் என்றால் நம் கார்த்திகைதான். குடிமங்கலம், பூளவாடிப் பக்கம் போனால் காற்றாலைக் காத்தாடிகளைப் பாருங்கள். ஆடியில் அத்தனையும் மேற்கே முகம் வைத்து நின்றிருக்கும், இப்போது பார்த்தால் கிழக்கே திரும்பி நிற்கும். அதன் முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முதலில் மிதியுங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போது எதிர்காற்றை முடித்துவிட்டால், திரும்பி வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டிய மாசத்தில் இதில் மிச்சமாகும் பத்து நிமிஷம் பெரிசு.

ரோடு விஷயத்தில் எல்லோரும் குழியைப் பற்றியே பேசுகிறோம். குழியில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது, சுற்றிப் போக வேண்டும், அது தெரிந்ததுதான். எனக்கு அதிகப் பயம் மக்காச்சோளம். தை, மாசியில் அறுவடை ஆனதும் தார் ரோட்டில் பாதியை அடைத்துக் காயப் போட்டிருப்பார்கள். களம் இல்லாத விவசாயி வேறு எங்கே போவார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்த மணிகள் ஓரத்தில் சிதறிக் கிடந்தால் ஒல்லி டயருக்கு அது பால்ரஸ் குண்டு மேல் ஓட்டுவது போல. பிரேக் பிடிக்கக் கூடாது, ஹேண்டிலைத் திருப்பக் கூடாது, நேராக உருட்டிக்கொண்டே கடக்க வேண்டும். பகலில் மஞ்சளாகத் தூரத்திலேயே தெரிந்துவிடும். வெடியால ஐந்து மணிக்கு எப்படித் தெரியும்? பின்னால் சிவப்பு விளக்கே இல்லாமல் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லரும், பெயிண்ட் போன வேகத்தடையும் அப்படித்தான். அமராவதி அணை, திருமூர்த்தி மலைப் பக்கம் போகிறவர்கள் நன்றாக விடியாமல் காட்டோரம் போகவே கூடாது, யானை நடமாட்டம் உள்ள இடம்.

பழைய மாடல் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முலாம் பூசின இரும்பு ரிம்மில் ஈரம் பட்டால் பிரேக் கட்டை வழுக்கும், வெயிலில் நிற்கும் தூரத்தைப்போலப் பல மடங்கு ஓடித்தான் நிற்கும். வளைவுக்கு முன்னாடியே லேசாகப் பிடித்துப் பிடித்து ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும். மழையில் போய்வந்த அன்றே செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள், மறுநாள் என்று விட்டால் துரு பிடித்துவிடும்.

விளக்கு என்றதும் என் அப்பாரு, என் தாத்தா, நினைவு வருகிறது. அவர் வண்டியில் பின் டயரை உரசி ஓடும் டைனமோ இருந்தது. மிதித்தால்தான் எரியும், நின்றால் அணைந்துவிடும். பின் மட்கார்டு நுனியில் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட், அதன் நடுவில் சிவப்புக் கண்ணாடி. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த வெள்ளையைப் புதிதாக அடிப்பார். "நமக்கு வழி தெரியறது ரெண்டாவதுங் கண்ணு, வர்றவனுக்கு நம்மளத் தெரியோணும்" என்பார். இன்றைக்கு விற்கும் பல வண்டிகளில் மட்கார்டே கிடையாது. ஐம்பதாயிரம் ரூபாய் வண்டியில் பின்னால் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாமல் கறுப்பு பனியனில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பின்னால் சிவப்பு லைட், முன்னால் ரோட்டைப் பார்த்துத் தாழ்த்தின வெள்ளை லைட், இரண்டு கணுக்காலிலும் ஒளிரும் பட்டி. கணுக்காலில் ஏன் என்றால், மிதிக்கும்போது அது மேலும் கீழும் போகும். பின்னால் வருகிற டிரைவருக்கு அது கம்பமோ போர்டோ இல்லை, ஆள் போகிறார் என்று சட்டென்று புரிந்துவிடும். எனக்கே ஒரு லாரி டிரைவர் டீக்கடையில் சொன்னது இது.

தூரக் கணக்கையும் இந்த மூணு மாசம் ஒதுக்கி வையுங்கள். எங்கள் குழுவில் டிசம்பர் மாசம் முழுக்க இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு போட்டி நடக்கும். அந்த எண்ணுக்காகத்தான் பாதிப் பேர் இருட்டில் கிளம்புகிறார்கள். நான் தினமும் 28 கிலோமீட்டர் ஓட்டுகிறவன், பனிக்காலத்தில் 14தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு மணிக்குக் கிளம்பித் திருமூர்த்தி அணை வரை போய் வருவேன், வெயில் உறைக்காத மாசம் என்பதால் பதினோரு மணி வரைகூட ஓட்டலாம். சர்க்கரை அளவு ஒரு வருஷமும் இதனால் ஏறினதில்லை.

நம்மைப் போலப் பொழுதுபோக்குக்கும் உடம்புக்கும் ஓட்டுகிறவர்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளால் முடியாது. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் நம் கிராமத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் போய் வருகிறார்கள். ஸ்பெஷல் கிளாஸ் ஐந்தரைக்கு முடிகிறது. இந்த மாசம் பொழுது இறங்குவது 5.54க்கு. ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு அந்தப் பிள்ளை போய்ச் சேரும்போது நல்ல இருட்டு. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசம் மட்டும் அந்த வகுப்பை அரை மணி முன்னதாக முடிக்க முடியாதா என்று ஆசிரியர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். காலையில் அரை மணி சேர்த்துக்கொள்ளலாம், நவம்பரில் ஆறேகாலுக்கே விடிந்துவிடுகிறதே.

என் தங்கச்சி மகள் பதினொன்று படிக்கிறாள். போன சனிக்கிழமை அவள் வண்டிக்குப் பின்னால் சிவப்பு லைட் மாட்டிவிட்டேன். "மாமா, என்கூட இன்னும் நாலு பேரு வர்றாங்க, அவங்க வண்டில ஒண்ணுமே இல்ல" என்றாள். வர்ற சனிக்கிழமை அந்த நாலு வண்டியையும் தங்கச்சி வீட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சைக்கிள் கடையில் எட்டு லைட் எடுத்து வைத்தாயிற்று. வெள்ளைப் பெயிண்ட் டப்பா ஒன்றும் வாங்கியிருக்கிறேன், அஞ்சு மட்கார்டுக்கும் போதும்.