கொழுப்பு மாத்திரையால் வால்வுச் சுருக்கம் கரையாது
பென்னாகரத்திலுள்ள மாமாவுக்கு, இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வழியிலுள்ள அயோர்டிக் வால்வு மிகவும் சுருங்கியிருப்பதாக எக்கோவில் (இதய ஸ்கேனில்) தெரிந்ததைச் சொல்லி ஆலோசனை கேட்ட சகோதரிக்கு, “கொழுப்பு மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் சுருக்கம் கரைந்துவிடும், ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள், ஆபரேஷன் வேண்டாம்” என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். இது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

அப்படியொரு நம்பிக்கை ஒரு காலத்தில் மருத்துவர்களிடமே இருந்தது. அதனால்தான் அதைச் சோதித்தார்கள். 2008-இல் வெளியான ‘சீஸ்’ ஆய்வில் 1,873 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினும் எசெடிமைபும், மறு பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரையும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களின் கெட்ட கொழுப்பு பாதிக்கு மேல் குறைந்தபோதும், வால்வு மாற்ற வேண்டிய நிலை வந்தவர்களின் அளவு குறையவில்லை. வால்வின் இதழ்களில் கால்சியம் படிந்து இறுகுவதை அந்த மாத்திரைகள் தடுக்கவில்லை. இதய ரத்தக்குழாய் அடைப்பு தொடர்பான பாதிப்புகள் மட்டும் குறைந்தன. ஆகவே அடைப்புக்காக மாத்திரை எழுதித் தந்திருந்தால் அதை நிறுத்திவிடக் கூடாது.

மாமாவுக்கு மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது, ஒருமுறை மயங்கியும் விழுந்தார் என்று சகோதரி எழுதியிருப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கடுமையான சுருக்கத்தில் இவை தோன்றிய பிறகு காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. நெஞ்சைத் திறக்கும் அறுவை சிகிச்சைக்கு உடல் தாங்காதவர்களுக்குத் தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைப் பொருத்த முடியும். 2010-இல் வெளியான ‘பார்ட்னர்’ ஆய்வில், அப்படிப் பொருத்தப்பட்டவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 30.7 சதவீதம், மருந்து போன்ற வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 50.7 சதவீதம். எக்கோ அறிக்கையோடு சேலத்திலோ பெங்களூருவிலோ ஓர் இதய மருத்துவரை இந்த வாரமே பாருங்கள்.