தலை எண்ணும்போது தோட்டம் வேண்டும், இடம் பகிரும்போது வேண்டாம்

இலங்கை மலையகத் தோட்டப் பிள்ளைகளின் படிப்பை ஆராய்ந்த பேராசிரியருக்கு ஹட்டனில் நடந்த பாராட்டு விழாவில் பிரதம விருந்தினர் பேசியது எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. அதனால் முழுதாகத் திருப்பிச் சொல்லவில்லை. “சேர் ஆயுசு முழுக்க நம்ம குறையையே எண்ணினார், இனியாவது நல்லதை எழுதட்டும்.” இதற்குக் கைதட்டல் வேறு. மாலை, பொன்னாடை, கடைசியில் இந்த உபதேசம். பேராசிரியர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அந்தப் பெருந்தன்மை வரவில்லை.

குறையை எண்ணுவது புலம்பல் அல்ல ஐயா, அது ஒரு தொழில். அதை அவர் எப்படிச் செய்தார் என்று மேடையில் இருந்த யாருக்காவது தெரியுமா?

பாடசாலைச் சேர்வு இடாப்பை, அதாவது சேரும் பிள்ளைகளின் பெயரை எழுதும் பதிவேட்டை, எடுக்க வேண்டும். ஒரு வருஷம் தரம் 1க்கு வந்த பிள்ளைகளை, பிறந்த திகதி, பாதுகாவலர் பெயர், தோட்டத்து டிவிஷன் (பிரிவு) பெயரோடு எழுதிக்கொண்டு, சாதாரண தரம் (தரம் 11 பொதுப் பரீட்சை) வரைக்கும் ஒவ்வொருவராகத் தேட வேண்டும். கேட்க லேசாக இருக்கும். சின்னத் தோட்டப் பாடசாலை தரம் 5 அல்லது 9உடன் நின்றுவிடும். அங்கிருந்து விடுகைப் பத்திரம் வாங்கிப் போன பிள்ளை அடுத்த பாடசாலையில் வேறு இலக்கம், சில நேரம் வேறு எழுத்தில் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, இடாப்பில் இன்னொன்று, பரீட்சை விண்ணப்பத்தில் மூன்றாவது. விடுகைப் பத்திரமே வாங்காமல் நின்ற பிள்ளையின் பெயர் வரவு இடாப்பில் மாசக்கணக்கில் கிடக்கும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் ஒருவரைத் தூக்கிவிடுவார்களோ என்று அதிபருக்கும் பயம். இதையெல்லாம் கழிக்காமல் எண்ணினால், நகரத்துக்கு மாறிப்போன பிள்ளை இடைவிலகலாகிவிடும், கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளை மாணவனாகவே இருக்கும். பழைய இடாப்புகளில் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிந்திய பக்கங்களைப் பார்த்தால் விலகிய காரணம் என்ற இடத்தில் “இந்தியா”, அதற்குக் கீழே இன்னொரு “இந்தியா”, பிறகு வெறும் மேற்படிக்குறி. அதையும் அந்த மனுஷன் தனியாகப் பிரித்து எண்ண வேண்டியிருந்தது.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு கணக்கு சொல்கிறேன், இது உதாரணத்துக்கு மட்டும். தரம் 1ல் 60 பிள்ளைகள். சாதாரண தரம் எழுதியவர்கள் 25. சித்தி 15. வலயக் கூட்டத்தில் “60 வீதம் சித்தி” என்று அதிபருக்குப் பாராட்டு கிடைக்கும். சேர்ந்த பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் 25 வீதம். இரண்டும் ஒரே பாடசாலைதான். எந்த எண்ணை மேடையில் வாசிப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

“அதுதான் மாவட்டக் கோட்டா இருக்கே” என்று சொல்ல வருபவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16ல் இருக்கின்றன. சரி. அந்த 55 வீதத்தை மாவட்டங்களுக்கு எப்படிப் பிரிக்கிறார்கள்? சனத்தொகைப்படி. 2012 கணக்கெடுப்பில் நுவரெலியா சனத்தொகையில் பாதிக்கு மேல் மலையகத் தமிழர். அதாவது மாவட்டத்துக்கு இடம் கேட்கும்போது தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கும் ஒவ்வொரு தலையும் எண்ணப்படுகிறது. இடம் வந்த பிறகு யார் எடுக்கிறார்கள் என்பது எங்கேயும் எண்ணப்படுவதில்லை. நகரப் பாடசாலை எடுக்கலாம், உயர்தரப் பரீட்சைக்கென்றே இங்கே வந்து பதிந்த வெளிமாவட்டப் பிள்ளை எடுக்கலாம். அனுமதிக்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளியைப் போடும் வெட்டுப்புள்ளிப் பட்டியலில் எல்லாம் “நுவரெலியா” தான்.

இன்னொன்று. கலைப்பீடத்துக்கு இந்தக் கோட்டா கிடையாது, முழுக்கத் திறமை. தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம் படிப்பது எந்தப் பிரிவில்? விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம் வேண்டும், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், இணைந்த கணிதம் என்று ஆளுக்கொரு ஆசிரியர் வேண்டும். அதில் ஒருவர் இடமாற்றம் வாங்கினால் வகுப்பே படுத்துவிடும், பெயர்ப்பலகையில் மட்டும் 1ஏபி, அதாவது உயர்தர விஞ்ஞானம் உள்ள பாடசாலை. ஆக, சலுகை இருக்கும் பிரிவில் நம் பிள்ளை இல்லை, நம் பிள்ளை இருக்கும் பிரிவில் சலுகை இல்லை. மாவட்டம் வேறு, தோட்டம் வேறு. இதைத்தான் அவர் திரும்பத் திரும்ப எழுதினார்.

“இதே மாவட்டத்து வலப்பனை, ஹங்குராங்கெத்த சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் மட்டும் வசதியா?” இல்லை. நியாயமான கேள்வி. அவர்களையும் மாவட்டச் சராசரி மறைக்கத்தான் செய்கிறது. அதற்கும் பாடசாலை பாடசாலையாக எண்ணுவதுதான் வழி.

“பெற்றோர் சரியில்லை, அதனால்தான் பிள்ளை படிப்பதில்லை” என்ற புராணம் அடுத்தது. இதற்கு அமெரிக்காவை வேறு இழுக்கிறார்கள். இழுப்பதென்றால் ஒழுங்காக இழுங்கள். அங்கே 1964 சிவில் உரிமைச் சட்டமே கல்வி வாய்ப்பில் இனம் வாரியாக ஏற்றத்தாழ்வு உண்டா என்று கணக்கெடுக்கச் சொன்னது. ஜேம்ஸ் கோல்மன் குழு ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து 1966ல் அறிக்கை கொடுத்தது. குடும்பப் பின்னணி பெரிதாகப் பாதிக்கிறது என்று அதில் இருப்பது உண்மைதான். கூடப் படிக்கும் பிள்ளைகளின் பின்னணியும் பாதிக்கிறது என்றும் அதே அறிக்கைதான் சொன்னது, அதை மட்டும் விட்டுவிடுவீர்கள். இங்கே 1948ல் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தது பெற்றோரா? 1945ல் இலவசக் கல்வி வந்த பிறகும் தோட்டப் பாடசாலைகளை 1970கள் வரை தோட்ட நிர்வாகத்தின் கையில் விட்டு வைத்தது பெற்றோரா? ஆசிரிய உதவியாளர்களை மாசம் 6,000 ரூபாவுக்குச் சேர்த்து, கத்திய பிறகு 10,000 ஆக்கி, “படிப்பியுங்கள்” என்று விட்டது பெற்றோரா?

“பேராசிரியரின் பிள்ளைகள் கண்டியில்தானே படித்தார்கள்?” இப்படியும் ஒரு கமெண்ட். ஆமாம், படித்தார்கள். வேறு எங்கே படிக்க வைக்க வேண்டும் என்கிறீர்கள், ஆசிரியர் போய்ப் படுத்துவிட்டது என்று மேலே நான் சொன்ன அந்த வகுப்பிலா?

உண்மையில் எரிச்சல் அந்தப் பேச்சில்கூட இல்லை, கைதட்டலில். தட்டியவர்களில் பலர் நம் ஆசிரியர்கள், இந்த ஆய்வைக் காட்டி அறிக்கை எழுதியவர்கள், நிதி கேட்டவர்கள். களத்துக்குப் போய் இடாப்பு புரட்டினால் பதவி உயர்வுக்குப் புள்ளி வராது, ஆங்கிலச் சஞ்சிகையில் வந்தால் வரும். ஆனாலும் தமிழிலும் எழுதினார், அதிபர்களுக்கு அவர்கள் பாடசாலைக் கணக்கைத் திருப்பிக் கொடுத்தார். எத்தனை பேர் அதைப் பிரித்துப் பார்த்தார்கள்? அவருக்கு “நேர்மறையாக எழுதுங்கள்” என்று வகுப்பெடுக்க மட்டும் ஆள் இருக்கிறது.

நல்ல செய்தி வேண்டுமென்றால் வழி இருக்கிறது. சாதாரண தரப் பெறுபேற்றை வெளியிடும்போது, அந்தப் பிள்ளைகள் சேர்ந்த வருஷம் தரம் 1ல் மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதையும் பாடசாலைவாரியாகப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் பிள்ளை தரம் 5 படித்த பாடசாலையையும் பதியச் சொல்லுங்கள். அட்டவணையில் இரண்டு நிரல்தான் கூடும். அது வரும்வரை மாவட்டக் கணக்கைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்துக்கு வர வேண்டாம்.